பெர்சியன் குட்டி வாங்குறீங்களா? ஊசி அட்டையை முதல்ல பாருங்க

15,000 ரூபாய் கொடுத்து ஒரு ‘டால் ஃபேஸ்’ (மூக்கு சப்பையா இல்லாத முகம்) பெர்சியன் பூனைக்குட்டி வாங்கினேன். இன்ஸ்டாகிராம்ல வீடியோ பார்த்துட்டுப் போனது. சென்னைப் புறநகர்ல ஒரு வீட்டு வாசல்லயே விக்கிறவர் கையில கொடுத்துட்டார். உள்ளே விடல. “தாய்ப்பூனை ஆளைப் பார்த்தா மிரளும் சார்.” அப்பவே திரும்பியிருக்கணும். குட்டி மக தோள்ல ஏறிடுச்சு, எனக்கு வாய் வரல.

“60 நாள் ஆச்சு, ஊசி போட்டாச்சு”ன்னு ஒரு அட்டையும் தந்தார். பத்தே நாள்ல காதோரம் வட்டமா முடி கொட்டுச்சு. போன் பண்ணினா, “பால் மறக்குறப்ப அப்படித்தான், தேங்காய் எண்ணெய் தடவுங்க” என்றார். தடவினோம். அடுத்த வாரம் மக கையிலயும் சிவப்பா ஒரு வட்டம்.

கால்நடை டாக்டர் ரூம் லைட்டை அணைச்சுட்டு ஊதா விளக்கு அடிச்சுக் காட்டினார். குட்டி முடி பச்சையா மின்னுச்சு. படர்தாமரை, பூஞ்சைத் தொற்று. பெர்சியன் மாதிரி நீள முடிப் பூனைங்களுக்கு இது அடிக்கடி வருமாம். பல்லைப் பார்த்துட்டு, “இதுக்கு இப்பதானே ரெண்டு மாசம்?” என்றார். நாங்க வாங்கியே பதினெட்டு நாள்! அப்போ வாங்குறப்ப 60 நாளே ஆகல. அட்டையில மருந்துக் குப்பி ஸ்டிக்கர் இல்ல, டாக்டரோட பதிவு எண் இல்ல, தேதியும் ஒரு கிறுக்கலும்தான். ஊசியெல்லாம் முதல்லேர்ந்து.

மூணு மாசம் மருந்து, வாரம் ரெண்டு தடவை மருந்துக் குளியல். பூஞ்சை வித்து மாசக்கணக்குல வீட்டுல கிடக்கும்னாங்க, சோபா உறையையே தூக்கிப் போட்டோம். மகளுக்குத் தோல் டாக்டர் தனி. எல்லாம் சேர்ந்து 22,000. வேப்பேரி அரசு கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி ஞாபகம் எனக்குப் பாதிச் செலவுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

இது தீர்ந்துடும். தீராத ஒண்ணு இருக்கு. பெர்சியன்ல பரம்பரையா வர்ற சிறுநீரக நீர்க்கட்டி நோய். தாய், தகப்பன்ல ஒண்ணுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வாய்ப்பு. கட்டி மெல்லப் பெருத்து, பெரும்பாலும் நடுவயசுலதான் வெளியே தெரியும். வாயில பஞ்சு தடவி எடுத்து மரபணுப் பரிசோதனை பண்ணினா முன்னாடியே தெரிஞ்சுடும்.

தாய்ப்பூனையைக் கண்ணால பார்க்காம முன்பணம்கூடக் கொடுக்காதீங்க. கடைன்னா, 2018 செல்லப்பிராணிக் கடை விதிப்படி மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு இருக்கணும், சான்றிதழைக் கேளுங்க.

குட்டியை வித்த ஆள்கிட்ட, “தாய்க்கு கிட்னி டெஸ்ட் எடுத்தீங்களா?”ன்னு மெசேஜ் போட்டேன். “இதுவரை யாரும் கேட்டதில்ல சார்”னு பதில். அடுத்த நாள் பிளாக். மக போன்ல பார்த்தா எங்க குட்டி வீடியோ இன்னும் ஓடுது, விலை இப்போ 18,000.