காபரேட்டரா, இன்ஜெக்ஷனா? பழைய பெற்றோல் பிக்கப்புக்கு எது நல்லது

அத்தானின் பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக ஆமர் வீதிச் சந்தியில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்க, நாங்கள் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம். கைகொடுக்க வந்தவர்களில் ஒருவர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இன்ஜெக்ஷனைக் கழற்றிவிட்டுக் காபரேட்டர் பூட்டுங்கள் தம்பி. கரைச்சல் ஒழிந்தது." இரண்டும் பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் முறைகள்தான். காபரேட்டர் உள்ளே போகும் காற்றின் உறிஞ்சலிலேயே பெற்றோலை இழுத்துக் கலக்கும். இன்ஜெக்ஷனில் கம்பியூட்டர் பெட்டி சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர்கள் பெற்றோலைப் பீச்சும்.

கொழும்பில் பழைய பெற்றோல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அறிவுரையை எப்படியும் கேட்டிருப்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் முப்பது வயதைத் தாண்டிய வண்டிகளையும் ஒட்டுப்போட்டு ஓட்டப் பழகிவிட்டோம். அத்தான் இந்த வண்டியில்தான் நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடை மெனிங் சந்தைக்கு வருகிறார். வண்டி நின்றால் அன்றைய லீக்ஸும் கரட்டும் வாடிப்போகும். அதனால் இரண்டு வழிகளையும் நன்றாக விசாரித்துப் பார்த்தேன்.

வண்டியில் இருப்பது இன்ஜெக்ஷனில் ஓடும் டொயோட்டாவின் 22ஆர்-ஈ எஞ்சின். இதற்கு 22ஆர் என்று காபரேட்டரில் ஓடும் உடன்பிறப்பு ஒன்று உண்டு. இரண்டுக்கும் நான்கு சிலிண்டர், இரண்டும் 2,366 கனசென்ரிமீற்றர். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் விற்ற பிக்கப்புகளில் 22ஆர் சுமார் 103 குதிரைத்திறனும் 22ஆர்-ஈ சுமார் 116 குதிரைத்திறனும் கொடுத்தன. இப்படி ஒரு சோடி இருப்பதால்தான் "மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும்" என்ற நினைப்பு எல்லோருக்கும் வருகிறது.

காபரேட்டருக்குரிய பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. கண்ணால் பார்த்துக் கையால் திருத்தக்கூடிய பொருள் அது. பழைய டொயோட்டா காபரேட்டரின் பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும், நடுவில் ஒரு புள்ளி. எஞ்சின் ஓடும்போது பெற்றோல் மட்டம் அந்தப் புள்ளியில் நின்றால், காபரேட்டரின் கிண்ணத்துக்குள் பெற்றோலை அளவோடு விடும் மிதவையும் ஊசியும் சரி. மட்டம் மேலே ஏறியிருந்தால் கறுப்புப் புகை, கீழே இறங்கியிருந்தால் ஏற்றத்தில் மூச்சுத்திணறல். பெற்றோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளையில் தூசி அடைத்தால் தெருவோரத்திலேயே கழற்றி ஊதிவிட்டுப் போகலாம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரிப்பெயார் கிட் கேட்டால் கடைக்காரர் அலமாரியைத் திரும்பிப் பார்க்காமலே எடுத்துத் தருவார். கடற்காற்று வயர் முனைகளைத் தின்னும் இந்த ஊரில், அதிகம் வயர் தேவைப்படாத ஒன்றை நாடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மாற்றும் வேலை அந்தச் சின்னக் கண்ணாடியோடு முடிவதில்லை. முதலில் பம்பைப் பாருங்கள். பெற்றோல் தாங்கிக்குள் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெற்றோலைத் தள்ளுகிறது. காபரேட்டருக்கு மூன்று, நான்கு பிஎஸ்ஐ போதும். பழைய பம்பை அப்படியே இணைத்தால் மிதவை ஊசி அந்த அழுத்தத்தைத் தாங்காது. பெற்றோல் வழிந்து சூடான எஞ்சின் மேல் கொட்டும். வண்டி தீப்பிடிக்க அது போதும். குறைந்த அழுத்தப் பம்ப் வேண்டும், அல்லது அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் தாங்கிக்குத் திரும்பும் குழாயும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அடுத்தது, தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். காபரேட்டர் எஞ்சினில் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தீப்பொறி விழும் நேரத்தை முன்தள்ள, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளும் வெளியே ஒரு வக்யூம் டப்பாவும் இருக்கும். இன்ஜெக்ஷன் எஞ்சினில் அந்தக் கணக்கைக் கம்பியூட்டர் பெட்டி போடுவதால், இவை எதுவும் டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லை. பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரையே விட்டுவைத்தால் தீப்பொறியின் நேரம் ஒரே இடத்தில் நிற்கும். வண்டி ஓடும், ஆனால் இழுக்காது, சூடேறும், பெற்றோலைக் குடிக்கும். "காபரேட்டர் போட்ட பிறகு வண்டி செத்துவிட்டது" என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான மெனிபோல்ட், அக்சிலரேட்டர் கேபிள், காற்று வடிகட்டி ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். அவை கிடைத்துவிடும், நாளும் பணமும்தான் போகும்.

இனி ஓட்டத்துக்கு வருவோம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பின் காற்றுக்கு அளந்து பொருத்திய ஜெட், காற்று மெலிந்த அந்த உயரத்திலும் ஏறக்குறைய அதே பெற்றோலைத்தான் விடும். கலவையில் பெற்றோல் கூடிப்போய் ஸ்பார்க் பிளக் கறுக்கும். இன்ஜெக்ஷனில் உள்ளே வரும் காற்றை ஒரு மடல் அளக்கிறது. வெளியேறும் புகையிலுள்ள ஒட்சிசனை ஒரு சென்சர் பார்க்கிறது. இரண்டையும் வைத்துப் பெட்டி கலவையைத் திருத்திக்கொள்கிறது. இறக்கத்தில் நடப்பது இன்னும் முக்கியம். இறம்பொடையிலோ கடுகண்ணாவையிலோ அக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே இறங்கும்போது இன்ஜெக்ஷன் பெற்றோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. சாதாரண காபரேட்டரில் சில்லுகள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலும் வண்டி நிற்கையில் எஞ்சினை ஓடவைக்கும் ஐடில் துவாரம் வழியாகப் பெற்றோல் போய்க்கொண்டே இருக்கும். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும் பிறகு பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் அனுபவித்தவர்களுக்கு ஒவ்வொரு லீற்றரும் பெரிது.

கொழும்பு நெரிசலிலும் காபரேட்டருக்கு ஒரு சங்கடம் உண்டு. உச்சி வெயிலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால், எஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து மெனிபோல்டுக்குள் வழிந்திருக்கும். மறுபடி ஸ்டார்ட் எடுக்கச் சிரமம். அடியில் வெப்பம் கடத்தாத தடித்த அட்டை வைத்தால் பெரும்பாலும் சரிவரும்.

புகைப் பரிசோதனையையும் மறக்க முடியாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பெற்றோல் வண்டியில் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். நன்றாகச் சரிசெய்த காபரேட்டர் தேறும். ஆனால் ஒவ்வொரு வருடமும் பரிசோதனைக்கு முன் திருகாணியைத் திருப்பிச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

அத்தானின் வண்டிக்கு உண்மையில் என்ன நோய்? கொட்டாஞ்சேனையில் இன்ஜெக்ஷன் வேலை தெரிந்த ஓர் அண்ணனிடம் கொண்டுபோனோம். ஸ்கேனர் எதையும் அவர் எடுக்கவில்லை. எஞ்சின் அறையிலிருந்த சின்னச் சோதனை முனையைத் திறந்து, டி என்ற துளையையும் ஈ1 என்ற துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது. சிமிட்டலை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் நேராகக் காற்றளக்கும் பெட்டிக்குப் போனார். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாயை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். மடிப்புக்குள்ளே, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் பிளந்தது. அளக்கப்படாத காற்று அந்த வழியாகப் போனதால் கலவையில் பெற்றோல் குறைந்து, சந்தியில் வேகம் குறையும்போதெல்லாம் எஞ்சின் அணைந்திருக்கிறது. பிறகு எஞ்சினிலிருந்த எர்த் வயரின் முனையைக் கழற்றிக் காட்டினார். செம்பு தெரியவில்லை, பச்சைப் பூஞ்சணம் பிடித்ததுபோல் உப்புப் படிந்திருந்தது.

குழாய் புதிது, எர்த் முனை சுத்தம், இன்ஜெக்டர்கள் கழுவல், தாங்கிப் பம்ப் மாற்றல். இவ்வளவுதான் செய்தது. தாங்கிப் பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியிருக்கும் பெற்றோல்தான். 2022இல் மாதக்கணக்காக அடிமட்டத்தில் ஓடியதால் பம்ப் நலிந்திருந்தது என்றார் அவர். மொத்தச் செலவு, காபரேட்டர் மாற்ற இன்னொரு கராஜில் கேட்டதில் பாதிக்கும் குறைவு. அதன் பிறகு வண்டி எந்தச் சந்தியிலும் நின்றதில்லை.

வேறு இரண்டு வழிகளும் பேச்சில் அடிபட்டன. 22ஆர் எஞ்சினை முழுதாக இறக்கிப் பூட்டுவது ஒன்று. பொருத்தம் பற்றிய தலைவலி குறையும். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். மற்றது, மெகாஸ்குவர்ட், ஸ்பீடுவினோ போன்ற தனிக் கம்பியூட்டரைப் போட்டு, இருக்கும் இன்ஜெக்டர்களையே ஓட்டுவது. அருமையான வழிதான். மடிகணினியோடு உட்கார்ந்து அதன் பெற்றோல் அளவு அட்டவணையைச் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நான் காபரேட்டருக்கு முன் இதைத்தான் தேடுவேன். இல்லாவிட்டால் மலையேறும் வண்டிக்கு இது வேண்டாம்.

கம்பியூட்டர் பெட்டி எரிந்து மாற்றுப் பெட்டி எங்கும் கிடைக்காதபோது, அல்லது வயர்க்கட்டை எலி கடித்து அடையாளம் தெரியாமல் போனபோது, நானும் காபரேட்டர்தான் பூட்டச் சொல்வேன். அப்போதும் மெனிபோல்ட், காபரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கேபிளைப் பிடிக்கும் பிராக்கெட், காற்று வடிகட்டி எல்லாம் ஒரே 22ஆர் எஞ்சினிலிருந்து ஒன்றாகக் கைக்கு வரட்டும். பம்ப் கணக்கும் தீரட்டும். ஒன்று குறைந்தாலும் கராஜில் கழற்றத் தொடங்க விடாதீர்கள். கழற்றிய இன்ஜெக்ஷன் சாமான்களை ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டி, பெட்டியில் கட்டி, வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.