சப்ளிமெண்ட் லேபிள் தரவுத்தளம்: எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

அமெரிக்காவில் விற்கும் சப்ளிமெண்ட் எதையாவது வாங்குமுன் லேபிளை நிதானமாகப் படிக்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம், அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச். நடத்தும் டி.எஸ்.எல்.டி. என்ற சப்ளிமெண்ட் லேபிள் தரவுத்தளம். இலவசம். 2 லட்சத்துக்கும் அதிகமான லேபிள்கள். சந்தையை விட்டுப் போனவையும் உண்டு. கடைத் தளங்கள் டப்பாவின் முன்பக்கத்தைத்தான் பெரிதாகக் காட்டும். விஷயமோ பின்பக்கத்தில். இங்கே அதுவும் கிடைக்கிறது.

பலர் இடறி விழுவது பழைய லேபிள்களில். லேபிளில் உள்ள சதவீதம், ஒரு நாளுக்கு என்று விதி வைத்திருக்கும் அளவான ‘தினசரி மதிப்பில்’ எவ்வளவு என்பதைச் சொல்வது. வைட்டமின் டி-யின் தினசரி மதிப்பு முன்பு 400 ஐ.யூ. (சர்வதேச அலகு); 2016-இல் வந்த விதி அதை 20 மைக்ரோகிராம், அதாவது 800 ஐ.யூ. ஆக்கியது. அதனால் 1000 ஐ.யூ. மாத்திரை பழைய லேபிளில் 250%, புதியதில் 125%. மாத்திரை அதேதான், வகுக்கும் எண் மாறிவிட்டது. ஃபோலிக் அமிலத்தில் இது தலைகீழ்: 400 மைக்ரோகிராம் முன்பு 100%, இப்போது அதையே 680 மைக்ரோகிராம் டி.எஃப்.இ. (உணவிலுள்ள ஃபோலேட்டுக்கு ஈடான அளவு) என்று எழுதி 170% போடுகிறார்கள். ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு, ஒரே அலகில் எடையைப் பாருங்கள். அதற்கும் முன், அந்த எடை ஒரு மாத்திரைக்கா இரண்டுக்கா என்று பாருங்கள்.

லேபிள் வாசகங்களைப் படிப்பது தனிச் சுவை. ‘கொலஸ்ட்ராலைக் குறைக்கும்’ என்று எழுதினால் சட்டத்தின் கண்ணில் அது மருந்துப் பேச்சு. ‘ஏற்கெனவே இயல்பாக உள்ள கொலஸ்ட்ரால் அளவைப் பராமரிக்க உதவும்’ என்றால் தப்பிக்கலாம். இந்த இரண்டாம் வகைக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் முன் அனுமதி தேவையில்லை; விற்கத் தொடங்கி 30 நாட்களுக்குள் தெரிவித்தால் போதும். ஆதாரம் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும், ‘எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை’ என்ற குறிப்பும் லேபிளில் இருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழி இது.

அளவை வைத்துத் தேடுபவர்களுக்கு முட்டுக்கட்டை ‘ப்ரொப்ரைட்டரி பிளெண்ட்’, அதாவது நிறுவனத்தின் சொந்தக் கலவை. கலவையின் மொத்த எடையைப் போட்டு, உள்ளிருப்பவற்றை எடையின் இறங்குவரிசையில் அடுக்கினால் விதிப்படி போதும். பத்து மூலிகைகள் வரிசையாக நின்றால், கடைசி மூலிகை பெயருக்கு மட்டும் தூவப்பட்டிருக்கலாம். இதில் தளத்தைக் குறை சொல்ல முடியாது; லேபிளில் இல்லாததை அது எங்கிருந்து தரும்?

ஆனால் லேபிளில் இருப்பதும் சோதிக்கப்பட்டதல்ல. எழுதியிருப்பதை அப்படியே ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். உள்ளடக்கம் சரிதானா என்பதற்கு தனியே சோதித்துச் சான்று தரும் அமைப்புகளான யு.எஸ்.பி. அல்லது என்.எஸ்.எஃப்.-இன் முத்திரை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். படம் பழையதாக இருக்கக்கூடும் என்பதால், வாங்கும் டப்பாவிலும் அந்த முத்திரையைத் தேடுங்கள்.