வெளியே தெரிகிற காது மெஷினே நல்லது: டெல்டாவில் வாங்குபவர்களுக்கு

கும்பகோணமோ மாயவரமோ தஞ்சாவூரோ, காது மெஷின் கடைக்கு வருபவர் முதலில் கேட்பது விலையை அல்ல. "வெளியே தெரியாத மாதிரி ஏதாவது இருக்கா?" என்றுதான் கேட்கிறார். கடைக்காரரும் காதுத் துளைக்குள் ஒளிந்துகொள்ளும் குட்டி மெஷினை எடுத்து வைப்பார். கூச்சத்தால் வாங்கிய அந்த மெஷின் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிறது.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நாங்கள் சிபாரிசு செய்வது, 13ஆம் எண் பேட்டரி போட்டுக் காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின். காதுக்குள் செருகும் மோல்டு மட்டும் அவரவர் காதில் அச்செடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும்.

குட்டி மெஷினில் போடுவது மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய 10ஆம் எண் பேட்டரி. பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. கை நடுக்கமும் கண்புரையும் உள்ளவரால் அதைத் தானே மாற்ற முடியாது. ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13 ஒன்றிரண்டு வாரம் வரும், விரலுக்கும் பிடிபடும். குட்டி மெஷினின் ஸ்பீக்கர் அழுக்கும் வியர்வையும் சேரும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மைக்கும் பக்கத்திலேயே இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் விசிலடிக்கும். கடுமையான குறைபாட்டுக்கு அது ஆகவே ஆகாது. பின்னால் மாட்டும் வகையில் காதுக்குள் போவது மோல்டு மட்டும். அதைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். மெஷினில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபயர்' வேண்டவே வேண்டாம். வயதானவர்களுக்குப் பொதுவாகக் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான். சத்தம் கேட்கும், ச, த, ப போன்ற எழுத்துகள் பிடிபடாமல் வார்த்தை குழம்பும். ஆம்ப்ளிஃபயர் நன்றாகக் கேட்கிற ஒலியையும் சேர்த்து உயர்த்தி, இருக்கிற காதையும் கெடுத்துவிடலாம்.

மோல்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அச்செடுக்கும் முன் உள்ளே அழுக்கு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நூல் கட்டிய பஞ்சை வைத்த பிறகே சிலிக்கான் செலுத்த வேண்டும். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் அச்செடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவம் மாறும், வாயை மூடி எடுத்த அச்சு மெல்லும்போது நழுவி விசிலடிக்கும். மோல்டையும் மெஷினையும் இணைக்கும் குழாய் சில மாதங்களில் மஞ்சளாகி விறைத்துப்போகும். அப்போது குழாயை மாற்றினால் போதும், புது மெஷின் தேவையில்லை.

பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் படவிட்டுப் போடுங்கள். திரும்ப ஒட்டி வைத்தாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்க்குள் நீர்த்துளி நின்று சத்தம் விட்டுவிட்டு வரும். ரப்பர் பல்பால் ஊதினால் போய்விடும். ராத்திரி பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மெஷினை மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவில் போட வேண்டும்.

மாட்டிய புதிதில் சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவது போல ஒலிக்கும். "எனக்கு ஒத்துக்கலை" என்று கழற்றிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். மோல்டில் போடும் காற்றுத் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் பெரும்பாலும் குறையும். முதல் வாரம் வீட்டுக்குள், தினம் ஓரிரு மணி நேரம் போதும். பிறகு திண்ணை, கடைத்தெரு. கல்யாண மண்டபம் கடைசியில்தான். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையைச் சில மெஷின்கள் தன் விசில் என்று நினைத்து அமுக்கும், ஒலி நடுங்கும். கச்சேரிக்கும் கோயிலுக்கும் போகிறவர் தனி இசை புரோகிராம் கேட்டு வாங்குவது நல்லது. வீட்டார் கத்துவதை நிறுத்த வேண்டும். கத்தினால் வார்த்தை சிதையும். எதிரே உட்கார்ந்து முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் போதும்.

பிள்ளைகள் நச்சரிப்பதைவிட, ஏற்கெனவே மெஷின் போட்டிருக்கும் சம வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்குப் பலன் அதிகம். கடையை மதிப்பிட மெஷினில் எத்தனை சேனல் (ஒலியைப் பிரித்துக் கையாளும் பகுதிகள்) என்று எண்ண வேண்டாம். பரிசோதிப்பவருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உண்டா, இரண்டாவது மூன்றாவது முறை வந்தால் முகம் சுளிக்காமல் மெஷினின் ஒலி அளவைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். முதல் நாள் கம்ப்யூட்டர் போட்டுத் தந்த அளவோடு அனுப்பிவிடும் கடைக்கு எங்களிடம் மதிப்பெண் இல்லை.

வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் என்னும் செவித்திறன் சோதனை எடுத்துக்கொண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச மெஷினுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தாலே செவித்திறன் குறைபாட்டுக்குள் வரும். இலவச மெஷின் கிடைத்தாலும் மோல்டைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கினால், குழாய் மாற்றவும் அளவு திருத்தவும் தனிக் கட்டணமா என்பதை பில் போடும் முன்பே கேளுங்கள். மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பேட்டரிக்கு உண்டு.