பழைய இலங்கை முத்திரை பார்க்க 60 மடங்கு நுணுக்குக்காட்டி: எட்டு மாதம் பாவித்த பிறகு

ஹட்டனுக்குக் கூரியரில் வந்து சேர 1,850 ரூபாய் ஆனது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு, 60 மடங்கு வில்லை, பக்கத்தில் ஒரு எல்ஈடி, மூன்று பொத்தான் பற்றரி. முத்திரை, நாணயம், நகை எல்லாவற்றுக்கும் உகந்தது என்று பெட்டியில் போட்டிருந்தது. நான் பார்ப்பது விக்டோரியா ராணி காலத்து இலங்கை முத்திரைகள் மட்டும்.

அப்பா தோட்டத்துத் தபால் பை சுமந்தவர். 1975இல் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது, பங்களாவின் பின்பக்கம் எரிக்கக் கொட்டியிருந்த பழைய கடிதக் கட்டுகளில் கைக்கு அகப்பட்டதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வந்தார். நான் முத்திரை பார்க்கப் பழகியது அந்த டின்னை வைத்துத்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 1861இல், பிய்த்தெடுக்க ஓரத்தில் துளையிட்டு வந்த முத்திரைகளை எடுங்கள். ஒரே 6 பென்ஸ், ஒரே ராணி முகம், ஆனால் துளை போட்ட விதம் வேறு வேறு. சிலதில் துளைகளுக்கு இடையில் நிற்கும் பல் சுத்தமாக வெட்டியிருக்கும். சிலதில் துளை ஓரத்தில் காகித நார் பிய்ந்து தொங்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், விலையில் மட்டும் ஒன்றில்லை. இந்தக் கருவியில் நார் நாராகத் தெரிகிறது. பெர்க்கின்ஸ் பேகன் அச்சகத்தின் செதுக்குத் தகட்டு அச்சில் மை மேடாக நிற்பதும் தெரிகிறது. கல்லச்சில் அடித்த போலியில் மை தட்டையாகப் படுத்துக் கிடக்கும்.

எனக்கு வயிற்றெரிச்சல் தந்ததையும் இதுதான் காட்டியது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1இல் வந்த 6 பென்ஸ். கபில ஊதா நிறம், துளையில்லாதது. கண்டியில் ஒருவரிடம் அதை ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினேன். நீர்க்குறியில், அதாவது காகிதம் செய்யும்போதே அதனுள் பதிக்கும் அடையாளத்தில், நட்சத்திரம் சரியாக இருந்தது. ஆனால் பின்னால் துளையிட்டு வந்த 6 பென்ஸிலும் அதே நட்சத்திரம்தான், அதனால் அது எதையும் நிரூபிக்காது. வலது பக்கக் கீழ் மூலையில் கருவியை வைத்தேன். நேராக வெட்டிய ஓரத்தில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பிறைக் குழி. துளையின் அடிப்பாகம்! யாரோ பல்லைச் சீவி எடுத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் தாராளமாக ஓரம் இல்லாத 'துளையில்லா' முத்திரைக்கு இனி நான் காசு கொடுக்க மாட்டேன்.

இனிக் குறை. 60 மடங்கில் ஒன்றரைப் பல்தான் ஒரு பார்வைக்குள் வரும், முழு முத்திரையையும் பார்க்க முடியாது. கை கொஞ்சம் அசைந்தாலும் எல்லாம் மங்கிவிடும். பெரிய குறை அந்த எல்ஈடி. முதல் வெளியீட்டின் காகிதம் லேசாக நீலம் பாய்ந்தது, இந்த வெளிச்சத்திலோ எல்லாக் காகிதமும் நீலமாகத்தான் தெரிகிறது. நிறம் பார்க்கிறதென்றால் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் போங்கள்.

நீர்க்குறிக்கும் இது உதவாது. பிந்திய முத்திரைகளின் நீர்க்குறியில் கிரீடத்தின் கீழ் இருப்பது சிசி (CC) என்ற எழுத்துகளா சிஏ (CA) என்ற எழுத்துகளா என்று பார்க்கக் கறுப்புத் தட்டும் சில துளி லைட்டர் எண்ணெயும் வேண்டும், அடுப்புக்கு எட்டத் தள்ளி வைத்து. தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். டி லா ரூ அச்சகம் எளிதில் கரையும் மையில் அச்சிட்ட ஊதா முத்திரைகள் வெளுத்துவிடும். தபால் குறியைக் கழுவி மறுபடி ஒட்டுகிறவர்களைத் தடுக்கத்தான் அந்த மையே.

எங்கள் பக்கத்து ஈரத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதமே வில்லையின் உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படர ஆரம்பித்தது. சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு மூடி வைத்த பிறகுதான் நின்றது. தலவாக்கலை, நுவரெலியாக்காரர்கள் முதல் நாளே அதைச் செய்யுங்கள்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் இதை முதலில் வாங்க வேண்டாம். 10 மடங்குக் கைவில்லையும் 2 சென்டிமீற்றருக்கு எத்தனை பல் என்று எண்ணும் பிளாஸ்டிக் அளவுகோலும் வாங்குங்கள். ஏற்கெனவே அவை இருந்து, ஓரம் சீவிய முத்திரை மேல் சந்தேகம் வருகிறவர்களுக்கு 1,850 ரூபாய் தகும். எனக்கு அந்த 6 பென்ஸுக்கு முன்னாலேயே இது கையில் இருந்திருக்க வேண்டும்.