வெல்க்ரோவா, பல்லிக்கால் ஒட்டுப்பரப்பா?

செருப்பிலும் பையிலும் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ, பல்லியின் பாதத்தைப் பார்த்துச் செய்த ஒட்டுப்பரப்பு: இரண்டுமே இயற்கையிடம் கடன் வாங்கியவைதான். 1941இல் சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தன் நாயின் ரோமத்தில் சிக்கிய பர்டாக் என்ற செடியின் முட்காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். நம்மூர் நாயுருவி வேட்டியில் தொற்றுவதுபோலத்தான் அவையும் தொற்றியிருந்தன; முள் நுனி கொக்கியாக வளைந்திருந்தது. ஒரு பக்கம் நைலான் கொக்கி, மறுபக்கம் வளையம்: வெல்க்ரோ பிறந்தது.

பல்லிக்காலில் கொக்கியும் இல்லை, பசையும் இல்லை. டோக்கே பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான தட்டையான இழைகளாகப் பிரிகிறது. அவை சுவரை அவ்வளவு நெருங்குவதால் மூலக்கூறுகள் மிக அருகில் வரும்போது ஒன்றையொன்று இழுக்கும் வான் டெர் வால்ஸ் விசையே உடலைத் தாங்கிவிடுகிறது. சாய்த்து இழுத்தால் பிடிக்கும். கோணத்தை மாற்றினால் சட்டென விடும். எனக்கு வியப்பே அந்த விடுதலில்தான். ஒட்டுவது எந்தப் பசைக்கும் வரும்! இதைப் பின்பற்றிய கைத்தகடுகளுடன் 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் கண்ணாடிச் சுவரில் ஏறிக் காட்டினார்.

வெல்க்ரோவுக்கு இருபக்கமும் பட்டை பொருத்த வேண்டும், பிரிக்கும்போது சத்தம், கொக்கியில் நூலும் முடியும் அடைத்துக்கொள்ளும். பல்லிமுறைக்கு எதிர்ப்பக்கத்தில் எதுவும் தேவையில்லை, ஆனால் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். தூசு படிந்த சுவரில் செயற்கைப் பிரதிகள் திணறுகின்றன.

செருப்புக்கும் பைக்கும் வெல்க்ரோ போதும், மலிவும்கூட. கண்ணாடித் தகட்டைத் தடம் பதியாமல் தூக்கும் ரோபோ கைக்குப் பல்லிதான் என் தேர்வு.