ஆர் சொல்லி வந்தனீங்கள்? கடைக்கு அஃபிலியேட் திட்டம் நடத்திய ஆறு வருடங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒரு லேனில் எங்கள் கடை. மிளகாய்த்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், நல்லெண்ணெய். பெரும்பாலான சாமான் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் செய்து பஸ்ஸில் வருவது. 2019 கடைசியில் வூகொமர்ஸ் என்ற மென்பொருளில் இணையக் கடை போட்டோம். 2020 ஜனவரியில் அதற்குள் ஒரு அஃபிலியேட் ப்ளகினை, அதாவது அதோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருளை, ஏற்றினேன். எங்கள் சாமானைப் பற்றித் தன் ஆட்களிடம் சொல்பவருக்கு ஒரு லிங்க், அந்த லிங்க் வழியாக வரும் ஓடருக்கு 10% கொமிஷன். அமேசான் 1996இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரப்பிய அதே முறைதான்.

ப்ளகினின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். மூன்று நான்கைப் போட்டுப் பார்த்தாயிற்று. அடிப்படை வேலையை எல்லாமே ஒழுங்காகச் செய்கின்றன. நான் சொல்ல வருவது அவற்றால் பார்க்க முடியாத இடத்தைப் பற்றி.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டார்கள். கொழும்பில் தனியே இருக்கும் அம்மா அப்பாவுக்குச் சாமான் அனுப்பச் சொல்லி ரொரன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஓடர் குவிந்தது. அஃபிலியேட்டாகச் சேர்ந்தவர்கள் நாற்பதைத் தாண்டினார்கள். திட்டம் பிடித்துவிட்டது என்று நம்பினேன். உண்மையில் அந்த ஓடர்கள் லிங்க் இல்லாமலும் வந்திருக்கும். ஊரடங்கு தளர்ந்த பிறகு எண்ணிப் பார்த்தால், மாதத்தில் ஒரு விற்பனையாவது கொண்டுவந்தவர்கள் ஆறு பேர்.

2021 நடுப்பகுதியில் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் முதலிடத்தில் எப்போதும் ஒரே பெயர். மொத்தக் கொமிஷனில் பாதிக்கு மேல் அவருக்கே போனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு நாள் காலை அக்கா கடை போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். புதிதாக எடுப்பவர் யாராக இருந்தாலும் அவள் கேட்பாள்: "ஆர் சொல்லி வந்தனீங்கள்?" அது எங்கள் அப்பாவின் பழக்கம். அன்று காலை மட்டும் மூன்று பேர் கொட்டாஞ்சேனையில் வீட்டுச் சாப்பாடு செய்து கொடுக்கும் ஒரு அன்ரியின் பெயரைச் சொன்னார்கள். அந்த அன்ரியும் எங்கள் அஃபிலியேட்தான். அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். பூச்சியம். முதலிடத்தில் இருந்த பெயரையோ ஒருவர்கூட எங்களிடம் சொன்னதில்லை.

அந்த முதலிடக்காரர் நடத்தியது கூப்பன் பக்கம். வாடிக்கையாளர் அன்ரி சொல்லித்தான் எங்கள் கடைக்கு வருகிறார், கூடையை நிரப்புகிறார், காசு கட்டும் இடத்தில் "கூப்பன் உண்டா?" என்ற பெட்டியைப் பார்க்கிறார். உடனே இன்னொரு தாவலில் எங்கள் கடைப் பெயரோடு கூப்பன் என்று தேடுகிறார். அந்தப் பக்கம் வருகிறது, அழுத்துகிறார், திரும்பி வந்து காசு கட்டுகிறார். கடைசியாக அழுத்திய லிங்க்கே கணக்கில் ஏறும் என்று நான்தான் அமைத்து வைத்திருந்தேன். ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்து வந்த ஆளுக்காக விலையில் ஒரு கழிவும் கொடுத்து ஒரு கொமிஷனும் கொடுத்திருக்கிறேன்.

காசாகப் பார்த்தால் இது இன்னும் வலிக்கும். 5,000 ரூபா கூடையில் எங்களுக்குச் சாமானின் அடக்கம் 3,500. மிச்சம் 1,500இல் பெட்டிக்கும் பொதி செய்வதற்கும் 250, கார்ட் கட்டணம் 3% என்று வைத்தால் 150, கொமிஷன் 500. கையில் நிற்பது 600. அதே கூடைக்கு 10% கூப்பன் விழுந்தால் விற்ற விலை 4,500. அடக்கம் போக 1,000. பெட்டி 250, கார்ட் 135, கொமிஷன் 450. நிற்பது 165 ரூபா. கடை வாடகையும் மின்சாரமும் அக்காவின் உழைப்பும் அந்த 165க்குள் இருந்து வரவேண்டும். கொமிஷன் வீதத்தைத் தீர்மானிக்கும் முன் இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுப் பார்க்காத யாரும் திட்டம் தொடங்க வேண்டாம்.

கூப்பன் பக்கத்தை நிறுத்தினேன். அதைவிடப் பலன் தந்தது வேறொன்று. கூப்பன் கோட் (குறியீடு) போட்டால் விலையில் கழிவு இல்லை, ஒரு சிறிய பக்கெட் மோர்மிளகாய் சேர்த்து அனுப்புவோம் என்று மாற்றினோம். கூப்பன் திரட்டுபவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. சமைக்கிற ஆட்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் அவர் பெயரிலேயே கோட் கொடுத்தோம். காசு கட்டும் பக்கத்தில், கட்டாயமில்லாத ஒரு கேள்வியாக, அக்காவின் அதே வசனத்தை அப்படியே போட்டோம். ஆறு வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் அதிகம் உதவியது அந்த ஒற்றை வரிதான். லிங்க் ஒரு பெயரைக் காட்டி, வாடிக்கையாளர் இன்னொரு பெயரை எழுதினால், நாங்கள் வாடிக்கையாளர் எழுதிய பெயருக்கே கொடுக்கிறோம்.

பெயர்க் கோட் முக்கியமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லிங்க்கை அழுத்தியவரை ப்ளகின் ஒரு குக்கியை, அதாவது அவருடைய உலாவியில் எழுதும் சிறு குறிப்பை, வைத்து நினைவில் வைத்திருக்கும். 30 நாள் என்று அஃபிலியேட்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஐபோனின் சஃபாரி, பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதும் குக்கிகளை 2019 முதல் 7 நாளில் அழித்துவிடுகிறது. இன்ஸ்டகிராமுக்குள்ளேயே திறக்கும் உலாவியில் அழுத்திவிட்டு இரவு சஃபாரியில் வந்து வாங்கினால், இரண்டுக்கும் தொடர்பே இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் பலர் ஐபோன்காரர். என் 30 நாள் வாக்கு அவர்கள் விஷயத்தில் ஒரு கிழமைக்கு மேல் நிற்கவில்லை. விஷயம் விளங்கியதும் எல்லோருக்கும் எழுதி அறிவித்தேன்.

உள்ளூரில் சிக்கல் வேறு மாதிரி. பாதிப் பேர் வட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பி, பார்சல் வீட்டுக்கு வந்த பிறகே காசு கொடுப்பார்கள். வட்ஸ்அப் ஓடரை நாங்களே கையால் பதிய வேண்டும். அப்போது கோட்டையும் போடாவிட்டால் சொன்னவருக்கு ஒன்றும் போய்ச் சேராது. வீட்டில் காசு வாங்கும் ஓடர், போட்ட உடனேயே வூகொமர்ஸில் 'செயலாக்கம்' என்ற நிலைக்குப் போய்விடும், எங்கள் ப்ளகினில் கொமிஷனும் அப்போதே உறுதியாகிவிட்டது. பார்சல் திரும்பி வந்தால் கொடுத்த கொமிஷனைத் திருப்பிக் கேட்கும் சங்கடம். இப்போது குரியர்காரரிடம் இருந்து காசு வந்த பிறகே உறுதி செய்கிறோம். அந்த விதியை ஒருவர் சேரும் அன்றே சொல்லிவிடுகிறோம்.

2022ஐப் பற்றி எழுத எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்டியது. எரிபொருள் வரிசை, மின்வெட்டு, குரியர் கட்டணம், எண்ணெய் விலை எல்லாம் சேர்ந்து வந்தன. நாலு தடவை விலை மாற்றினேன். அந்தப் பதற்றத்தில் கொமிஷனை 10இல் இருந்து 5 ஆக்கினேன், ஒருவருக்கும் சொல்லாமல். மாதக் கடைசியில் தொகையைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. லண்டனில் சமையல் வீடியோ போடும் ஒரு தம்பி எழுதினார்: "அக்கா, குறைச்சது பரவாயில்லை. எனக்குச் சொல்லியிருக்கலாம்." அவரும் இன்னொருவரும் விலகினார்கள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார், ஆனால் திரும்பி வரவில்லை. அவர் இடத்தை இன்றுவரை யாரும் நிரப்பவில்லை. இப்போது வீதம் புதிய வாடிக்கையாளருக்கு 12%, பழைய வாடிக்கையாளருக்கு 4%. எந்த மாற்றமும் 30 நாள் முன்னறிவிப்போடு.

காசு கொடுக்கும் முறைக்கு நான் ஆரம்பத்தில் மதிப்பே கொடுக்கவில்லை. 5,000 ரூபா சேர்ந்தால்தான் கொடுப்போம் என்று வைத்திருந்தேன். ஒரு ஆசிரியையின் 3,800 ரூபா 14 மாதம் எங்களிடமே கிடந்தது. அவர் கேட்கவில்லை, எங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். எல்லையை 1,000 ஆக்கி, ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி வங்கிக்கு அனுப்பத் தொடங்கினோம். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் சீஃப்ட்ஸ் முறையில் உடனே போய்ச் சேரும். அந்த மாதமே அவர் பாடசாலை அம்மாமாரிடம் இருந்து ஓடர் வந்தது. 2023 ஜனவரி முதல் தனிநபர் ஒருவருக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் இப்படியான கொமிஷன் கொடுத்தால் 5% வரி பிடித்துக் கட்டவேண்டும். எங்களிடம் அந்த அளவுக்கு ஒருவர்தான் வருகிறார், அவருக்கு வரி பிடித்த சான்றிதழை நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

திட்டத்தை வளர்க்க விளம்பரம் போட்டு ஆள் சேர்த்த காலம் முடிந்தது. இப்போது ஓடர்ப் பட்டியலில்தான் தேடுகிறேன். மூன்று தடவை வாங்கியவர், கேள்விக்கான பதில்களில் இரண்டு மூன்று தடவை பெயர் வந்தவர். அவருக்கு நானே போன் எடுப்பேன். ஞாயிறு தோறும் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: எது புதிதாக வந்தது, எது முடிந்தது. இல்லாத சாமானைப் புகழ்ந்து வீடியோ போட்டுவிட்டு அவர்கள் தங்கள் ஆட்களிடம் பேச்சு வாங்கக் கூடாது. பிரித்தானியாவில் இருப்பவர்களிடம் விளம்பரம் என்று தெளிவாகப் போடச் சொல்கிறேன், அங்கே அது விதி. இங்கே இருப்பவர்களிடமும் அதையே கேட்கிறேன்.

ப்ளகினுக்கு டொலரில் ஆண்டுக் கட்டணம் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்துப் பேருக்குள் என்றால் எக்செல் தாளும் பெயர்க் கோட்டும் போதும். அதைத் தாண்டினால் வாங்குங்கள், ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே பார்க்க முடிவதற்காகவே அது தகும். எங்களிடம் இப்போது 23 பேர். நாற்பது பேர் இருந்த காலத்தைவிட அதிகம் விற்கிறோம்.

ரொரன்ரோவில் இருக்கும் ஒரு தங்கச்சி நாலு வருடமாகக் கொமிஷனைக் காசாக வாங்குவதில்லை. சாவகச்சேரியில் இருக்கும் தன் அம்மாவுக்கு அந்தத் தொகைக்குச் சாமான் அனுப்பச் சொல்வார். போன 10ஆம் திகதியும் பார்சல் கட்டினோம். நல்லெண்ணெய், அரிசி மா, அம்மா மட்டும் கேட்கும் அந்த வேப்பம்பூ வடகம். பார்சல் கிடைத்ததும் அம்மாவே எங்களுக்குப் போன் எடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்று வேண்டுமாம் என்றார். அக்கா அவரிடம் கேட்கவே இல்லை, மகளின் கோட்டைப் போட்டுப் பதிந்துவிட்டாள்.