க்னோமா, எக்ஸ்எஃப்சிஇயா: வெறுந்திரை விரும்பிகளுக்கு

கிளிநொச்சியில் நான் வேலை செய்கிற லப்டொப் பழசு. திரை 1366க்கு 768, அதாவது உயரத்துக்குத்தான் பஞ்சம். ஐக்கன், மெனு, பட்டி எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது என் விருப்பம். லினக்ஸில் திரையின் தோற்றத்தையும் ஜன்னல், பட்டிகளையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்களான க்னோமையும் (GNOME) எக்ஸ்எஃப்சிஇயையும் (Xfce) மாறி மாறிப் பாவித்துவிட்டு இப்போது எக்ஸ்எஃப்சிஇயில் நிற்கிறேன்.

வடிவென்று பார்த்தால் க்னோம்தான். போட்ட உடனேயே, மேலே ஒரு பட்டியைத் தவிர, திரை வெறுமையாக இருக்கும். எக்ஸ்எஃப்சிஇயை அந்த நிலைக்குக் கொண்டுவரக் கொஞ்சம் வினைக்கெட வேண்டும்: ஐக்கன்களை அணைத்து, இரண்டு பட்டிகளில் ஒன்றை நீக்கி, மற்றதைத் தானாக மறைய விடவேண்டும். பெரிதாக்கிய ஜன்னலின் தலைப்பை மறைக்கவும் ஒரு தெரிவு உண்டு. சின்னத் திரைக்காரர் அதைத் தவறவிடாதீர்கள். மெமரியைக் குறைவாகத் தின்பது எக்ஸ்எஃப்சிஇ என்பது தெரிந்த கதை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. க்னோமில் எனக்கு வேண்டிய மாற்றங்களில் பாதிக்கு நீட்சிகள் (வேறு ஆட்கள் எழுதும் சின்னத் துணை நிரல்கள்) தேவை. க்னோமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டெம்பரிலும், புதுப் பதிப்பு விடும். ஒவ்வொரு நீட்சியும் எந்தெந்தப் பதிப்புக்குச் சரிவரும் என்று தன் கோப்பில் குறித்து வைத்திருக்கும். புதுப் பதிப்பு அதில் இல்லையென்றால் ஓடாது. 2023 செப்டெம்பரில் வந்த 45ஆம் பதிப்பு நீட்சி எழுதும் முறையையே மாற்றியது. பழையவை எல்லாம் திருத்தப்படும்வரை படுத்துவிட்டன. எழுதியவர் கைவிட்டிருந்தால் அதோடு சரி. போன் டேட்டாவில் இணையம் எடுக்கிற ஆளுக்கு, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மாற்று நீட்சி தேடி இறக்குவது பெரிய கரைச்சல்.

எக்ஸ்எஃப்சிஇ 4.16, 4.18, 4.20 மூன்றும் முறையே 2020, 2022, 2024 டிசெம்பரில் வந்தவை. அந்த ஆறுதலான போக்கு எனக்குப் பிடிக்கும். ஒருக்கா அமைத்தது அப்படியே கிடக்கிறது. அமைப்புகள் இருக்கிற கோப்புறையைப் பென்டிரைவில் கொண்டுபோய் மாங்குளத்தில் தங்கச்சியின் மெஷினில் போட்டேன், அங்கேயும் அதே திரை. (அவள் பிறகு பட்டியைத் திரும்ப வெளியே எடுத்துவிட்டாள். நேரம் தெரியவேணுமாம்.)

தமிழ் எழுதுவதில் க்னோம் சுகம். தமிழ் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் (IBus) அதனோடு சேர்ந்தே வரும், விசைப்பலகை மாற்றுவதும் லேசு. எக்ஸ்எஃப்சிஇயில் பெரும்பாலும் நாங்களே அதைப் போட்டு, தொடக்கத்தில் ஓடவிட வேண்டும். ஒருநாள் வேலை, அவ்வளவுதான்.

புது லப்டொப், கூர்மையான திரை என்றால் க்னோமையே முதலில் போட்டுப் பாருங்கள். அப்படியான திரைக்கு உதவும் வேலண்ட் (Wayland, ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறை) ஆதரவு எக்ஸ்எஃப்சிஇ 4.20இல் சோதனை நிலையில்தான் இருக்கிறது. அப்படியான திரையில் நான் நாள்பட வேலை செய்ததில்லை, அதனால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணியே எடுங்கள்.